கிராம சபைத் தீர்மானம் எழுதும் முறை

தமிழ்நாட்டில் கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது. தொண்டை வற்றப் பேசினாலும், தீர்மானப் பதிவேட்டில் ஏறாத பேச்சு காற்றோடு போய்விடும். அதனால் வாசகத்தை முந்தைய நாளே எழுதிக்கொள்ளுங்கள்.

"குடிநீருக்கு ஆவன செய்ய வேண்டும்" என்று எழுதினால் யாருக்கும் பொறுப்பில்லை. இப்படி எழுதுங்கள்: "கிழக்குத் தெருவின் 40 வீடுகளுக்கு 4 நாளுக்கு ஒருமுறையே தண்ணீர் வருகிறது. மேல்நிலைத் தொட்டியிலிருந்து தனிக்குழாயை 3 மாதத்துக்குள் ஊராட்சி அமைக்க வேண்டும் எனத் தீர்மானிக்கப்படுகிறது." இடம், எண்ணிக்கை, வேலை, கெடு, செய்ய வேண்டியவர் எல்லாம் இருக்கின்றன, தட்டிக்கழிக்க வழியில்லை.

ஒரு தீர்மானத்துக்கு ஒரே கோரிக்கை. தெருவிளக்கையும் சேர்த்தால், பல்பை மாட்டிவிட்டு வேலை முடிந்ததென்பார்கள். வசைச்சொல் வேண்டாம், பேச்சு குழாயை விட்டு வசையின் பக்கம் திரும்பிவிடும். குடம் சுமக்கும் பெண்களே எழுந்து பேசட்டும், அந்தக் குரலுக்குத் தனி வலு உண்டு.

வெற்றுப் பக்கத்தில் மட்டும் கையெழுத்திடாதீர்கள். பிறகு எதை வேண்டுமானாலும் மேலே எழுதிக்கொள்ளலாம். தீர்மானத்தை உரக்க வாசிக்கச் சொல்லி, கேட்டபின் கையெழுத்திடுங்கள். நகல் தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்துடன் விண்ணப்பியுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.