காயின் பட்டன் கைக்கு வந்த பிறகு: பழைய ஆர்கேட் கேம்களுக்குத் திரும்புகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன பொங்கல் லீவுக்கு மாமா பையன் வீட்டுக்கு வந்திருந்தான். தள்ளுபடியில் கிடக்கிறதே என்று 'கேப்காம் பீட் எம் அப் பண்டில்' வாங்கிப் போட்டோம். கேப்காம் நிறுவனம் 2018இல் வெளியிட்ட அடிதடி கேம்களின் தொகுப்பு. 1989இன் 'ஃபைனல் ஃபைட்' தொடங்கி 1997இன் 'பேட்டில் சர்க்யூட்' வரை ஏழு ஆர்கேட் கேம்கள். பள்ளிக்கூட நாளில் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் ஒரு ரூபாய்க்கு நின்றுகொண்டே ஆடி, ரெண்டாவது ரவுண்டின் வில்லன் சோடமிடம் அடி வாங்கித் திரும்பி வந்த அதே ஃபைனல் ஃபைட். அவன் வெள்ளை பனியன் கோடியை எடுத்தான், நான் மீசைக்கார ஹேகரை எடுத்தேன்.

முக்கால் மணி நேரத்தில் ஆறு ரவுண்டும் முடிந்தது. ஊரையே ஆட்டிவைத்த பெல்ஜர் ஜன்னலை உடைத்துக்கொண்டு கீழே போய் விழுந்தான். "அவ்ளோதானா மாப்ள?" என்றான் இவன். எத்தனை காயின் போட்டோம் என்று ரெண்டு பேருமே எண்ணவில்லை. செத்தால் ஒரு பட்டன், காசில்லாமலே புதுக் காயின். மறுபடி செத்தால் மறுபடி அதே பட்டன்.

அந்தப் பட்டன்தான் முதல் தவறு, பெரிய தவறும் அதுதான். ஆர்கேட் கேம் என்பது காசு தீர்ந்துபோகும் என்ற பயத்தை வைத்துக் கட்டிய சாமான். கடைக்காரருக்கு ஒரு காயினுக்குச் சில நிமிஷத்தில் ஆள் எழுந்து அடுத்தவனுக்கு இடம் விட வேண்டும். ஆடுகிறவனுக்கோ அந்த ஒரு காயினில் எப்படியாவது இன்னும் கொஞ்சம் போக வேண்டும். இந்த இழுபறிதான் ஆட்டம். சோடம் ரெண்டு கத்தியையும் நீட்டிக்கொண்டு நேர்கோட்டில் பாய்ந்து வருவான். அவன் எதிரே நின்று குத்தினால் காயின் கரையும். கொஞ்சம் மேலேயோ கீழேயோ நகர்ந்து அவன் கோட்டிலிருந்து விலகிவிட்டு, பாய்ச்சல் முடிந்து நிற்கும்போது பக்கத்தில் போய்ப் பிடிக்க வேண்டும். கையில் ஒரே ரூபாய் இருந்தவன் இதைக் கற்றுக்கொண்டான். காயின் பட்டன் கிடைத்த நாங்கள் ரெண்டு பேரும் சோடம் முன்னால் நின்று செத்துச் செத்து எழுந்து, அவனை வெறும் எண்ணிக்கையால் சாய்த்தோம். அதை ஜெயித்தது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதனால் வீட்டில் ஒரு சட்டம் போட்டுக்கொள்ளுங்கள். ஆளுக்கு மூன்று காயின், தீர்ந்தால் முதலிலிருந்து. கைதேர்ந்தவர்கள் 'ஒன் கிரெடிட் கிளியர்' என்று ஒரே காயினில் முழு கேமையும் முடிப்பதையே கணக்கில் எடுப்பார்கள். அந்த உயரத்துக்கு நாம் போகத் தேவையில்லை. மூன்று காயின் சட்டத்தில் எங்களுக்கு ஃபைனல் ஃபைட் மூன்று வாரம் ஓடியது.

ஆட்டத்தைப் பின்னோக்கி ஓட்டும் ரீவைண்ட், எந்த இடத்திலும் சேமித்து அங்கிருந்தே தொடரும் சேவ் ஸ்டேட் ரெண்டுக்கும் இதே கதைதான். அவற்றைத் தொடவே கூடாது என்று சொல்லும் சுத்த சைவம் நான் இல்லை. ரவுண்டு முடிவில் வரும் பெரிய வில்லனான ஒரு பாஸிடம் பத்து முறை பயிற்சி எடுக்க சேவ் ஸ்டேட் மாதிரி வசதி வேறில்லை. பயிற்சியை முடித்துவிட்டு, அதைத் தொடாமல் ஒரு முறை முழுசாக ஆடுங்கள். 'ரெட்ரோஅச்சீவ்மென்ட்ஸ்' இணையதளம் வழியாகப் பழைய கேம்களுக்கு அச்சீவ்மென்ட், அதாவது சாதனைப் பதக்கம், சேர்க்கிறவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அதில் சாஃப்ட்கோர், ஹார்ட்கோர் என்று ரெண்டு கணக்கு. ஹார்ட்கோரில் சேவ் ஸ்டேட்டை லோட் செய்யவோ, ரீவைண்ட் போடவோ, சீட் கோட் போடவோ முடியாது. எதில் ஆடுகிறோம் என்று பார்க்காமல் சாஃப்ட்கோரில் பாதி லிஸ்டை முடித்துவிட்டு, பிறகு ஹார்ட்கோருக்காக எல்லாவற்றையும் திரும்ப ஆடிய கூட்டத்தில் நானும் ஒருவன்.

ஹேகர் ஏன் இவ்வளவு குண்டு?

வாங்கியதும் செட்டிங்ஸ் பக்கம் எட்டிப் பார்க்காமல் ஆட உட்காருவது அடுத்த தவறு. நம் டிவியின் அகல-உயர விகிதம் 16:9. பழைய ஆர்கேட் பெட்டிக்குள் இருந்த டியூப் 4:3. ஃபுல் ஸ்க்ரீனுக்கு இழுத்துவிட்டால் ஏற்கெனவே ஆள் பெருத்த ஹேகர் இன்னொரு சுற்றுப் பெருத்துவிடுவார். இது பலருக்கும் தெரியும். தெரியாமல் மாட்டுகிற இடம், படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் சதுரமாகவே காட்டும் 'பிக்சல் பெர்ஃபெக்ட்' வகை செட்டிங். பெயரைக் கேட்டால் அதுதான் அசல் என்று தோன்றும். ஆனால் ஃபைனல் ஃபைட் ஓடிய கேப்காமின் சிபிஎஸ்-1 சர்க்யூட் போர்டு தருகிற படம் 384க்கு 224 புள்ளி. சுருக்கினால் 12:7. அதாவது 4:3ஐவிட அகலம். கடையில் இருந்த டியூப் அந்தப் புள்ளிகளைப் பக்கவாட்டில் நெருக்கி 4:3க்குள் அடைத்தது. நாம் பார்த்த ஹேகர் அந்த நெருக்கிய ஹேகர்தான். எனவே 4:3ஐத் தேர்ந்தெடுங்கள். டிவியில் 'கேம் மோட்' இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள். அமுக்கிய குத்து தாமதமாக விழுகிறது என்று கன்ட்ரோலரைத் திட்டுகிறவர்களில் பாதிப் பேருக்குப் பிரச்சினை டிவியில்தான்.

நினைவில் இருக்கிற கேம் தொகுப்பில் இருக்காது

பெயரை மட்டும் பார்த்து வாங்குவதும் கையைக் கடிக்கும். 'கான்ட்ரா' என்றதும் நம்மில் பலருக்கு வருகிற ஞாபகம் டிவியில் மாட்டி ஆடிய கேசட், '9999 இன் 1' வகையறா. அது 1988இல் வந்த வீட்டுப் பதிப்பின் வழி வந்தது. 1987இன் ஆர்கேட் கான்ட்ரா உயரவாக்கில் நிற்கும் திரைக்குச் செய்தது. லெவல் அமைப்பிலும் வித்தியாசம் உண்டு. மேல் மேல் கீழ் கீழ் என்று விரல் தானாகவே போடும் 30 உயிர் கோடும் வீட்டுப் பதிப்பினுடையதுதான். ஆர்கேட் பதிப்பில் அதைப் போட்டுப் பார்த்துவிட்டுத் தொகுப்பே கோளாறு என்று முடிவுகட்ட வேண்டாம். ஃபைனல் ஃபைட்டில் இது இன்னும் மோசம். 1990இன் சூப்பர் நின்டென்டோ பதிப்பில் கை என்கிற கேரக்டரே கிடையாது, ரெண்டு பேர் சேர்ந்து ஆடவும் முடியாது. தம்பியோடு ஆடலாம் என்று அந்தப் பதிப்பை வாங்கினால் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கைதான் பார்க்க வேண்டும்.

அப்புறம் முஸ்தபா. நம் ஊரில் அந்த கேமுக்கு அதுதான் பெயர். 1993இல் வந்த 'காடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்' என்ற அசல் பெயரைச் சொன்னால் பாதிப் பேர் முழிப்பார்கள். மஞ்சள் தொப்பி போட்ட முஸ்தபா கெய்ரோவை எடுக்கத்தான் கடையில் சண்டையே நடக்கும். கேப்காம் தொகுப்பு என்றாலே அது உள்ளே இருக்கும் என்று நம்பி வாங்கி ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும். அந்த கேம் 'செனோசோயிக் டேல்ஸ்' என்ற காமிக்ஸை வைத்துச் செய்தது. கதையும் ஆட்களும் கேப்காமின் சொந்தச் சொத்து இல்லை. இதுபோல உரிமம் இன்னொருவரிடம் இருக்கும் கேம்கள் எளிதில் திரும்பி வருவதில்லை. வந்தாலும் நிலைப்பதில்லை: ஆறு பேர் ஆடும் 1992இன் 'எக்ஸ்-மென்' 2010இல் கன்சோல்களுக்கு வந்து, பிறகு கடையிலிருந்தே எடுக்கப்பட்டது. சில சமயம் அதிர்ஷ்டமும் அடிக்கும். 1993இன் 'த பனிஷர்' 2024இல் மார்வெல்-கேப்காம் தொகுப்பு ஒன்றில் வந்து சேர்ந்தது. ஆக, பணம் கட்டுமுன் கேம் பட்டியலை வரிவரியாகப் படியுங்கள்.

ஒரு பழைய மர்மத்தையும் இங்கேயே அவிழ்த்துவிடுகிறேன். பிரவுசிங் சென்டரில் ஒரே கீபோர்டில் ரெண்டு பேர் முஸ்தபா ஆடியபோது, நண்பன் ரெண்டு கீயை அழுத்திப் பிடித்திருந்தால் என் குத்து விழாது. அவன் வேண்டுமென்றே செய்கிறான் என்று சண்டை போட்டிருக்கிறேன். மலிவு கீபோர்டில் கீகள் வரிசையும் நெடுக்குமாகக் கம்பிக் கட்டத்தில் இணைக்கப்பட்டிருக்கும். ஒரே கட்டத்தைப் பகிரும் மூன்று கீயைச் சேர்த்து அழுத்தினால் மூன்றாவது எது என்று அதற்குக் குழம்பிவிடும், அதனால் விட்டுவிடும். இன்றைக்கும் கோ-ஆப், அதாவது ஒரே பக்கம் சேர்ந்து, ஆட ஒரு கீபோர்டைப் பங்கு போடாதீர்கள். ஒருவருக்காவது கன்ட்ரோலர் வேண்டும்.

சாப்பாட்டை யார் எடுப்பது?

கோ-ஆப்பில் நட்பு முறிகிற இடம் பாஸ் சண்டை இல்லை, சாப்பாடு. டிரம்மை உடைத்ததும் வெளியே விழும் கோழிக்காலை உயிர் நிறைய இருக்கிறவன் ஓடி வந்து எடுத்துவிடுவான். 1985இன் 'கான்ட்லெட்' இதை வைத்தே வியாபாரம் செய்தது. நாலு பேர் ஆடலாம், உயிர் நொடிக்கு நொடி தானாகக் குறையும், சாப்பாடு எல்லோருக்கும் பொது, பார்க்காமல் சுட்டால் சாப்பாடே அழிந்துபோகும். காயின் போட்டால் உயிர் கூடும். 1991இன் 'நைட்ஸ் ஆஃப் த ரவுண்ட்' இதற்கு ஓர் அழகான வழி வைத்திருக்கிறது: கீழே கிடக்கும் சாப்பாட்டைக் கத்தியால் அடித்தால் அது சின்னத் துண்டுகளாகப் பிரியும், ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளலாம். பண்டிலில் அந்த கேம் இருந்தும் பலர் இதைக் கவனிப்பதே இல்லை. முழுசாக விழுங்கிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

எல்லா கேமும் ஒற்றுமையை விரும்புகிறது என்றும் நினைக்க வேண்டாம். 'டபுள் டிராகன்' (1987) கடைசி வில்லனை ரெண்டு பேரும் உயிரோடு வீழ்த்தினால், அடுத்த நொடியே அண்ணன் தம்பியை ஒருவரோடு ஒருவர் மோதவிடும். அதுவரை உயிரை விட்டுக்கொடுத்தவன் அந்த இடத்தில் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

அச்சீவ்மென்ட் யார் கணக்கில் சேருகிறது?

கேம் சாதனைக்குப் பரிசு என்பது புதுசு இல்லை. 1982இல் 'பிட்ஃபால்' கேமில் 20,000 பாயின்ட் எடுத்து, டிவி திரையை போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பினால் ஆக்டிவிஷன் ஒரு துணி பேட்ச் அனுப்பும். 2005இல் எக்ஸ்பாக்ஸ் 360 கேமர்ஸ்கோர் என்ற சாதனைப் புள்ளிகளைக் கொண்டுவந்த பிறகு அது கன்சோலுக்குள்ளேயே வந்துவிட்டது. ஆனால் யாருக்குச் சேரும் என்பதில்தான் குழப்பம். நின்டென்டோ ஸ்விட்சில் கன்சோல் அளவில் அச்சீவ்மென்ட் கிடையாது. எல்லா அச்சீவ்மென்ட்டையும் முடித்துப் பிளாட்டினம் கோப்பை தேடுகிற வேட்டைக்காரர்கள் தொகுப்பை அதில் வாங்கிவிட்டு வருந்த வேண்டாம். கணினி கேம் கடையான ஸ்டீமில் ஒரே கணினியில் ரெண்டு பேர் ஆடினாலும், 'ரிமோட் பிளே டுகெதர்' வழியாக நண்பரை அழைத்தாலும், அச்சீவ்மென்ட் கேமை ஓட்டுகிறவரின் கணக்குக்கே போகும். எக்ஸ்பாக்ஸில் ரெண்டாவது ஆள் கெஸ்ட்டாக வராமல் தன் சொந்த ப்ரொஃபைலில் சைன் இன் செய்தால் பல கேம்களில் அவருக்கும் சேரும். 'இட் டேக்ஸ் டூ' (2021) மாதிரி ஒருவர் வாங்கினால் மற்றவர் இலவச பாஸில் சேரலாம் என்கிற கேம்களில், பாஸில் வருகிறவருக்கு டிராஃபி உண்டா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். பன்னிரண்டு மணி நேரம் ஆடி முடித்த பிறகு கேட்கிற கேள்வி இல்லை இது.

கடினமான கோ-ஆப் அச்சீவ்மென்ட்டைப் பேசி வைத்துக்கொள்ளாமல் தொடங்குவதும் வீண். 'லெஃப்ட் 4 டெட் 2' (2009) என்ற நாலு பேர் ஆடும் ஜாம்பி கேமில் ஒரு தோட்டத்துப் பொம்மைக் குள்ளன் உண்டு. பொழுதுபோக்குப் பூங்காவில் துப்பாக்கி சுடும் கடையில் 750 பாயின்ட் எடுத்தால் பரிசாகக் கிடைப்பான். அவனைக் கடைசி ஹெலிகாப்டர் வரை தூக்கிப் போக வேண்டும். தூக்கியிருக்கிறவரால் சுட முடியாது, ஆகவே மற்ற மூவரும் அவரைச் சுற்றி அரண் கட்ட வேண்டும். நாங்கள் யார் தூக்குவது என்று முடிவு செய்யாமல் கிளம்பி, கைமாற்றிக் கைமாற்றிக் கச்சேரி மேடை வரை கொண்டுவந்துவிட்டோம். கடைசிக் கூட்டம் பாய்ந்தபோது எங்களில் யாரோ குள்ளனைக் கீழே போட்டுவிட்டுத் துப்பாக்கியை எடுத்துவிட்டார். ஹெலிகாப்டர் மேலே எழும்பிய பிறகு ஹெட்செட்டில் ஒரு குரல்: "குள்ளன் யார்கிட்ட இருக்கான்?"

தனக்கு வரவேண்டியது வந்ததும் பாதியில் கிளம்பிவிடுவது தவறு என்று சொல்வதைவிட அசிங்கம் என்றே சொல்வேன். முதல் முறை ஆடும்போதே மொபைலில் கைடைத் திறந்து வைத்துக்கொண்டு கூட வருகிறவனை அங்கே போ, இங்கே நில் என்று ஏவுவதும் அப்படித்தான். இட் டேக்ஸ் டூவில் 25 மினி கேமையும் கண்டுபிடிக்க ஓர் அச்சீவ்மென்ட் இருக்கிறது. முடித்த பிறகு சாப்டர் செலக்டில் திரும்பிப் போய் எடுக்கலாம். முதல் ஆட்டத்தை ஏன் கெடுக்க வேண்டும்?

இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்தது 'போர்ட்டல் 2' (2011) வைத்த ஒன்று. கோ-ஆப்பை முடித்தவர், அதுவரை ஆடியே இராத நண்பர் ஒருவரோடு முதல் பயிற்சி லெவலை ஆன்லைனில் முடிக்க வேண்டும். பெயர் 'ப்ரொஃபெசர் போர்ட்டல்'. தெரிந்த நண்பர்கள் எல்லோரையும் ஆரம்பத்திலேயே ஆடவைத்துவிட்டு, கடைசியில் புது ஆள் கிடைக்காமல் அலைவார்கள். ஒருவரை மிச்சம் வையுங்கள்.

அதற்கு 25 வருஷம் முன்னாலேயே 'பபிள் பாபிள்' (1986) இதைச் செய்துவிட்டது. 100 தளத்தையும் தனியாக முடித்தால் நல்ல முடிவு கிடைக்காது. நண்பனோடு வா என்று திருப்பி அனுப்பும். 2019இன் 'பபிள் பாபிள் 4 ஃப்ரெண்ட்ஸ்' கேமுக்குள் அந்த ஆர்கேட் அசல் இருக்கிறது. மாமா பையனோடு இப்போது அதுதான் ஓடுகிறது. எதிரியைக் குமிழுக்குள் அடைத்ததும் உடனே உடைத்துவிடுவது இங்கே எல்லோரும் செய்கிற தவறு. ஒன்றை உடைத்தால் 1,000, ரெண்டைச் சேர்த்து உடைத்தால் 2,000, மூன்றுக்கு 4,000, நாலுக்கு 8,000. எனவே ஒருவர் அடைக்க வேண்டும், மற்றவர் பொறுக்க வேண்டும். உயிர் போகாமல் 20, 30, 40ஆவது தளத்துக்குப் போனால் ரகசிய அறைக்குக் கதவு திறக்கும். 20ஐ ரெண்டு முறை பார்த்துவிட்டோம். நேற்று 28இல் நான் செத்தேன், அதிர்ச்சியில் திரும்பிப் பார்த்த அவனும் அடுத்த நொடியே செத்தான். சட்டப்படி ஆளுக்கு இன்னும் ஒரு காயின் பாக்கி இருந்தது. ரெண்டு பேரும் அதைத் தொடாமல் முதல் தளத்துக்குப் போனோம்.