எந்த பேஸ்பால் மேட்ச்ல கை வைக்கக் கூடாது: பாம்பன் டீக்கடை பந்தயக் கணக்கு

மொதல்லயே சொல்லிடுறேன், எங்க பந்தயம் டீயும் வடையும்தான், காசு கிடையாது. ஆன்லைன்ல காசு வச்சு ஆடுறதுக்கு 2025 ஆகஸ்ட்ல வந்த சட்டம் மொத்தமா தடை போட்டுருச்சு, அதுக்கு முன்னாடியே ரம்மில தொலைச்சவங்கள ஊர்ல நெறய பாத்தாச்சு.

அமெரிக்கால சாயங்காலம் 7 மணி மேட்ச் நமக்கு விடியக்காலை நாலரைக்கு வரும், அந்நேரம் பாம்பன்ல டீக்கடை தொறந்துருக்கும், அதுலயும் ஏப்ரல் 15ல இருந்து 61 நாள் தடைக்காலம், விசைப்படகுல போறவனுக்கு வேற என்ன வேலை, அஞ்சாறு பேரு ஒரு போனைச் சுத்தி உக்காந்துருவோம். அமெரிக்காவோட பெரிய பேஸ்பால் லீக் எம்.எல்.பி.ல 30 டீம், ஆளுக்கு 162 மேட்ச், ஒரு மேட்ச்ல ரெண்டு டீம்ங்கறதால மொத்தம் 2430. இவ்வளவு இருக்குறப்ப எதை எடுக்கணும்ங்கறத விட எதை விடணும்னு தெரியணும். துறைமுகத்துல புயல் கூண்டு ஏத்திட்டா போட்டை அவுக்குறோமா? மேட்சுக்கும் கூண்டு உண்டு, என்ன, நாமதான் ஏத்திக்கணும்.

பெரிய டீம் பக்கம் நிக்கிறதுதான் பாதுகாப்புன்னு நெனைக்கிறான் பாருங்க, அவன்தான் அதிகமா டீ வாங்கிக் குடுப்பான். எங்க கடையில பெரிய டீமைப் புடிச்சவன் தோத்தா ரெண்டு டீ, ஜெயிச்சா ஒரு டீ. அமெரிக்காப் பந்தயத்துல மைனஸ் 200ன்னு போடுவாங்களே, அதாவது 200 வச்சாத்தான் 100 கெடைக்கும், அதே கணக்குதான். மூணு மேட்ச்ல ரெண்டு ஜெயிச்சாத்தான் முதலுக்கு மோசமில்ல. ஆனா சீசன்ல 100 மேட்ச் ஜெயிக்கிற டீம்னா அது பெரிய டீம், அதுவே நூத்துக்கு 62தான் வருது! 2024ல சிகாகோ வைட் சாக்ஸ் 121 மேட்ச் தோத்தாங்க, நடுவுல வரிசையா 21. இருபத்திரெண்டாவதும் தோப்பாங்கன்னு நான் ஒரு டீக்கு மூணு டீ சொல்லிட்டேன், ஆகஸ்ட் 7 காலையில ஓக்லாண்டை 5-1ன்னு அடிச்சுட்டானுங்க. வடையும் சேர்த்து அழுதேன்.

அடுத்தது ஸ்டார்ட்டர், அதாவது மேட்ச் ஆரம்பத்துல பந்து போடுற பிட்சர். கிரிக்கெட் மாதிரி ஒருத்தன் அடி வாங்குனா மாத்திட்டு அப்புறம் திரும்பக் கூப்பிடுறதெல்லாம் இங்க இல்ல, வெளிய போன பிட்சர் போனவன்தான், ஸ்டார்ட்டர் அஞ்சாறு இன்னிங்ஸ் போடுவான், போட்டா நாலஞ்சு நாள் ரெஸ்ட். அதனால ஒரே டீம்தான்னாலும் இன்னைக்கு இருக்குறது நாளைக்கு இருக்காது. ஸ்டார்ட்டர் பேரு இன்னும் போடலைன்னாலோ கடைசி நேரத்துல மாத்திட்டான்னாலோ விட்டுருங்க. அதோட ஒம்பது இன்னிங்ஸ்ல முடிய வேண்டிய மேட்ச் முந்தின நாள் பன்னெண்டு பதிமூணு இன்னிங்ஸ் இழுத்துச்சான்னு பாருங்க, இழுத்துருந்தா பின்னாடி வர்ற பிட்சர் எல்லாம் களைச்சுப் போயிருப்பான், ஏழாவது இன்னிங்ஸ் வரைக்கும் லீட்ல இருந்து கோட்டை விடுறது அந்த மாதிரி நாள்லதான். மழையால தள்ளிப்போயி ஒரே நாள்ல ரெண்டு மேட்ச் ஆடுறதும் இதே கதை.

இது நானா கண்டுபுடிச்சது: மேட்ச் நமக்கு ராத்திரி பத்தரைக்கே ஆரம்பிக்குதுன்னா அங்க பகல் மேட்ச், அதுவும் புதன் வியாழன்ல வந்தா பெரும்பாலும் முடிச்சுட்டு அடுத்த ஊருக்கு ஃப்ளைட் ஏறுற நாள். முந்தின நாள் ராத்திரி ஆடிட்டு வந்துருப்பான், மெயின் கேட்சரை (நம்ம விக்கெட் கீப்பர் மாதிரி) உக்கார வச்சுருப்பான், ஸ்டாருக்கு ரெஸ்ட். லைன்அப், அதான் அன்னைக்கு ஆடுற ஆளுங்க லிஸ்ட், வர்ற வரைக்கும் வாயைத் தொறக்காதீங்க.

மொத்தம் எத்தனை ரன்னுன்னு பந்தயம் கட்டுறவங்களுக்கு ரெண்டு கிரவுண்டு. டென்வர் கடல் மட்டத்துல இருந்து 1600 மீட்டர் உயரம், காத்து லேசு, அடிச்ச பந்து போயிக்கிட்டே இருக்கும். சிகாகோ ரிக்லி ஃபீல்டுல ஏரிக்காத்து உள்ள அடிச்சா பந்து மேல போயி செத்து விழும், வெளிய அடிச்சா ஹோம் ரன்தான், நம்ம சிக்ஸர் மாதிரி. எங்க மாமாவுக்கு பேஸ்பால் ஒரு எழவும் தெரியாது, ஆனா காத்து எந்தப் பக்கம்னு மட்டும் கேட்டுட்டு ரெண்டு தடவை சரியாச் சொன்னாரு, கச்சானும் வாடையும் பாத்து வளந்த ஆளு.

ஏப்ரல்ல பத்து மேட்ச் வச்சு ஒரு டீமை எடை போடாதீங்க. செப்டம்பர் அதை விட மோசம், டீம்ல ஆளு 26ல இருந்து 28 ஆயிரும், ப்ளே ஆஃப் வாய்ப்பு போன டீம் புதுப்பசங்கள எறக்கிப் பாப்பான், எடம் புடிச்சவன் முக்கியமான ஆளுகளுக்கு ரெஸ்ட் குடுப்பான்.

விட்டதைப் புடிக்கணும்னு அடுத்த மேட்ச்ல டபுளா கட்டுறதுக்கு கடையில தடை, எட்டு டீ கடன் வச்சவன் ஒருத்தனால வந்த ரூல்.

நாளைக்கு விடியக்காலை மேட்சுக்கு ஒரு பக்கம் ஸ்டார்ட்டர் பேரே வரல. நான் ஏழு மணி வரைக்கும் தூங்கப் போறேன்.