40-ஆம் பக்கத்தில் நின்றுபோகும் புத்தகங்கள்: வாசிப்புப் பழக்கத்தில் நாம் செய்யும் தவறுகள்

என் அலமாரியில் ஒரு தடித்த வரலாற்று நூல் இருக்கிறது. அதன் 43-ஆம் பக்கத்தில் ஒரு பழைய ரசீது செருகியிருக்கிறது. நூலில் எந்தக் குறையும் இல்லை. அதை வாங்கிய நாட்களில், தினமும் 50 பக்கம் படித்தே தீருவது என்று முடிவெடுத்திருந்தேன். முதல் நாள் 43 பக்கம் ஓடியது. மிச்சம் 7 பக்கத்தையும் சேர்த்து மறுநாள் 57 பக்கம் படிக்க வேண்டும். அன்று வேலை அதிகம், ஒரு பக்கம்கூட நகரவில்லை. மூன்றாம் நாள் கணக்கு 107 பக்கத்தில் வந்து நின்றது. நான்காம் நாள் அந்தப் புத்தகம் இருந்த திசையில் திரும்பவே மனம் வரவில்லை. அப்புறம் ஏழெட்டு மாதம் வேறு எந்தப் புத்தகத்தையும் நான் தொடவில்லை.

படிக்க ஆசைப்படுகிறவர்கள் பலரிடமும் இப்படி ஒரு புத்தகம் இருக்கும். "எனக்குப் பொறுமை போதாது", "நேரமே இல்லை" என்று தங்கள் மேலேயே பழியைப் போட்டுக்கொள்வார்கள். உண்மையில் படிக்க உட்கார்ந்துவிட்டால் பெரும்பாலானவர்களுக்குப் பொறுமை வந்துவிடுகிறது. சிக்கல் அதற்கு முந்தைய நொடியில் இருக்கிறது: மறுநாள் அந்தப் புத்தகத்தைக் கையில் எடுக்கும் நொடி. பழக்கம் உடைவது அங்கேதான். அதனால் எந்த வாசிப்பு யோசனையைக் கேட்டாலும் நான் ஒன்றைத்தான் பார்க்கிறேன். இப்படிச் செய்தால் நாளைக்கு இந்தப் புத்தகத்தை எடுக்கத் தோன்றுமா? கீழே வரும் தவறுகள் எல்லாம் நல்ல எண்ணத்தில் செய்பவை. ஆனால் புத்தகத்தைக் கையில் எடுப்பதையே சுமையாக்கிவிடுபவை.

எண்ணிக்கையில் தொடங்குவது

வருடத்துக்கு 52 புத்தகம், 100 புத்தகம் என்று இலக்கு வைப்பது கேட்க உற்சாகமாக இருக்கும். ஆனால் எண் முன்னால் வந்துவிட்டால் புத்தகத் தேர்வே மாறிவிடுகிறது. கை தானாக மெலிந்த நூல்களைத் தேடும். வெகுநாளாகப் படிக்க நினைத்திருந்த 700 பக்க நாவல், கணக்கைக் கெடுக்கும் என்பதாலேயே பின்னுக்குப் போகும். பாதி வருடத்தில் எண்ணிக்கை பின்தங்கினால், மீதிப் பாதியும் கையைவிட்டுப் போகும்.

சின்ன அளவின் வலிமையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். தினமும் 10 பக்கம் என்றால் வருடத்துக்கு 3,650 பக்கம். 250 பக்க நூல்களாக எடுத்துக்கொண்டால் 14 நூல்களுக்கு மேல் ஆகிறது. 10 பக்கத்துக்குப் பெரும்பாலோருக்கு 15 முதல் 20 நிமிடம் போதும். இந்த 10 என்பது தலைவலியோடு வீடு திரும்பிய நாளிலும் முடிகிற அளவாக இருக்க வேண்டும். அது முடியாதென்றால் 5 ஆக்குங்கள், 2 ஆக்குங்கள். மனம் லயித்தால் 60 பக்கம் படியுங்கள், யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் மறுநாள் கணக்கு மறுபடியும் 10-இல்தான் தொடங்க வேண்டும். விட்டுப்போன பக்கங்களை மட்டும் கடனாகச் சுமக்காதீர்கள். என்னை ஏழெட்டு மாதம் புத்தகத்திடமிருந்து விலக்கிவைத்தது அந்த 107 என்ற எண்தான்.

21 நாளில் எல்லாம் பழகிவிடும் என்று நம்புவது

இந்த 21 நாள் கணக்கு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன், அறுவை சிகிச்சைக்குப் பின் தன் நோயாளிகள் புதிய முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாட்களாவது ஆவதாக 1960-இல் எழுதினார். "குறைந்தது" என்ற சொல் காலப்போக்கில் உதிர்ந்துவிட்டது. முகத்துக்குப் பழகுவதைப் பற்றிய கவனிப்பு, எல்லாப் பழக்கங்களுக்குமான விதியாகிவிட்டது.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் செய்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில் 96 பேர் கலந்துகொண்டார்கள். ஒவ்வொருவரும் சாப்பாடு, குடிநீர், உடற்பயிற்சி சார்ந்த ஒரு சிறு செயலைத் தேர்ந்தெடுத்து, தினமும் ஒரே சூழலில் 12 வாரம் செய்துவந்தார்கள். அது தானாகவே நடக்கிற செயலாக மாற நடுத்தரமாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கு ஆள், செயலுக்குச் செயல் இது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபடும் என்று கணித்தார்கள். வாசிப்பு அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் நமக்கு உதவும் ஒரு விஷயம் அதில் உண்டு: இடையில் ஒரு நாள் விட்டுப்போனவர்களுக்குப் பழக்கம் உருவாவதில் பெரிய பாதிப்பு எதுவும் ஏற்படவில்லை.

ஆகவே 22-ஆம் நாளும் புத்தகத்தை எடுக்கத் தயக்கமாக இருந்தால் உங்களிடம் எந்தக் கோளாறும் இல்லை. இன்னும் காலம் ஆகவில்லை, அவ்வளவுதான். ஒரு நாள் விட்டதற்காக எல்லாம் போச்சு என்று கைவிடவும் வேண்டாம்.

நேரம் கிடைக்கும்போது படிக்கலாம் என்று விடுவது

மிச்ச நேரம் என்று ஒன்று வருவதே இல்லை. வந்தாலும் அதை வேறு ஏதாவது வந்து நிரப்பிவிடும். ஏற்கெனவே தவறாமல் செய்கிற ஒன்றோடு வாசிப்பை முடிச்சுப் போடுவது நல்லது. காலையில் பல் துலக்கி முடித்ததும், மதிய உணவு முடித்துக் கை கழுவியதும், விளக்கேற்றியதும், பிள்ளையைத் தூங்க வைத்ததும் என்று உங்கள் நாளில் நிலையாக இருக்கும் ஒரு புள்ளியைப் பிடியுங்கள். "இது முடிந்ததும் இதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே தீர்மானித்து வைப்பவர்கள் நினைத்ததைச் செய்து முடிப்பது அதிகம் என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990-களிலேயே எழுதியிருக்கிறார்.

பலர் தேர்ந்தெடுக்கும் நேரம் இரவுப் படுக்கை. அது இனிமையான நேரம்தான். ஆனால் அதை மட்டுமே நம்பினால் என்ன ஆகிறது? ஒரே பத்தியை மூன்று தடவை படிப்போம். கண் வரிகளின் மேல் போகும், மனதில் ஒன்றும் இறங்காது. புத்தகம் நெஞ்சில் கவிழும். மறுநாள் இரவு எடுத்தால், ஊருக்குத் திரும்பி வந்த அந்தப் பெண் யார், கடிதத்தை எழுதியது யார் என்று ஒன்றும் நினைவிருக்காது. இரண்டு பக்கம் பின்னால் போய், அதைப் படிப்பதற்குள் மறுபடி தூக்கம். பத்து நாளில் கதையே அந்நியமாகிவிடும். "புத்தகம் சுவாரஸ்யமாக இல்லை" என்று அப்போது முடிவுகட்டினால், நல்ல புத்தகம் ஒன்றின் மேல் வீண்பழி. விழிப்பாக இருக்கும் நேரத்தில் ஒரு 15 நிமிடமாவது அதற்குக் கொடுத்துப் பாருங்கள், இரவு வாசிப்பும் அதனாலேயே உயிர்பெறும்.

போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிப்பது

இதைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள். எனவே ஒரே ஒரு காட்சியை மட்டும் சொல்கிறேன். படித்துக்கொண்டிருக்கும்போது தெரியாத சொல் ஒன்று வருகிறது. பொருள் பார்க்கத்தான் போனை எடுக்கிறோம். திரையில் இரண்டு செய்திகள் காத்திருக்கின்றன. ஒன்றுக்குப் பதில் போட்டு, அதிலிருந்த வீடியோவைப் பார்த்து, நிமிரும்போது 25 நிமிடம் போயிருக்கிறது. சொல்லின் பொருளையும் பார்க்கவில்லை. இதற்கு மனவுறுதி தேவையில்லை, ஒரு பென்சில் போதும். தெரியாத சொல்லுக்குக் கீழே மெல்லிய கோடு, அத்தியாயம் முடிந்தபின் மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம். பாதிச் சொற்களின் பொருள் அடுத்த பக்கத்திலேயே விளங்கிவிடும். போனை வேறு அறையில் வைத்துவிட்டு, அது வழக்கமாக இருக்கும் இடத்தில் புத்தகத்தை வையுங்கள். பழகிய கை அங்கேதான் போகும், இந்தத் தடவை புத்தகம் அகப்படும்.

பிடிக்காததை முடித்தே ஆகவேண்டும் என்று இழுப்பது

எனக்குத் தெரிந்து அதிகம் பேரை வாசிப்பிலிருந்து விலக்கிய தவறு இதுதான். பல வருடம் கழித்துப் படிக்கத் தொடங்குகிறவர், யாரோ போட்ட "கட்டாயம் படிக்க வேண்டிய" பட்டியலை எடுத்து, அதிலேயே கடினமான நூலில் ஆரம்பிக்கிறார். பத்து நாளில் மூச்சு முட்டுகிறது. அதை ஒதுக்கவும் மனமில்லை, அதை முடிக்காமல் வேறொன்றை எடுக்கவும் மனமில்லை. ஒரே புத்தகம் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது, பின்னால் வரிசையில் இருக்கும் நூறு புத்தகங்களும் உள்ளே வர முடியவில்லை.

போட்ட காசுக்காகவும் செலவழித்த நேரத்துக்காகவும் ஒன்றை விடாமல் பிடித்துக்கொள்வது மனித இயல்பு. ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் புளூமர் என்ற ஆய்வாளர்கள் 1985-இல் இதைச் சோதித்துக் காட்டினார்கள். ஒரு பருவம் முழுவதும் நடக்கும் நாடகங்களுக்கு மொத்தமாக விற்கப்படும் சீட்டை முழு விலை கொடுத்து வாங்கியவர்கள், தள்ளுபடியில் வாங்கியவர்களைவிட அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். கொடுத்த காசு அப்படி இழுக்கிறது. புத்தகத்திலும் இதே இழுப்புதான். ஆனால் படித்த 80 பக்கம் எப்படியும் திரும்ப வராது. இனிப் படிக்கப்போகும் 300 பக்கம்தான் நம் கையில் இருக்கிறது.

நூலக அறிவியலுக்கு ஐந்து விதிகளை 1931-இல் வகுத்தளித்த எஸ்.ஆர். ரங்கநாதன், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் உண்டு, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் உண்டு என்று அவற்றில் இரண்டை அமைத்தார். இதை நான் மிகவும் நம்புகிறேன். ஒரு நூல் உங்களுக்கு ஒட்டவில்லை என்றால் அது வேறொருவருக்கான நூலாக இருக்கலாம், அல்லது வேறொரு வயதில் உங்களுக்கே ஆனதாக இருக்கலாம். 50 பக்கம் கொடுத்துப் பாருங்கள், ஒட்டவில்லையென்றால் வைத்துவிடுங்கள். ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும். கடினமாக இருப்பது வேறு, ஒட்டாமல் இருப்பது வேறு. கடினமான புத்தகம் மூடிவைத்த பிறகும் நம்மை விடாது, குளிக்கும்போதும் நடக்கும்போதும் ஒரு வரி வந்து நிற்கும். அப்படியானால் வேகத்தைக் குறைத்து, பக்கத்தில் எளிதான இன்னொன்றையும் வைத்துக்கொண்டு தொடரலாம். ஒரே சமயத்தில் இரண்டு புத்தகம் படிப்பதில் தவறே இல்லை.

வேகத்தைக் கூட்டினால் நிறைய படிக்கலாம் என்று நினைப்பது

ஒரு பார்வையில் பக்கம் முழுவதையும் விழுங்கக் கற்றுத்தருவதாகச் சொல்லும் பயிற்சிகளுக்குக் குறைவில்லை. கண் அப்படி அமைந்ததில்லை. படிக்கும்போது கண் வழுக்கிக்கொண்டு போவதில்லை, தாவித் தாவிப் போகிறது. ஒவ்வொரு தாவலுக்கும் நடுவே கால் நொடி அளவு நிற்கிறது, அப்போதுதான் எழுத்து உள்ளே போகிறது. விழித்திரையின் நடுவிலுள்ள சிறு பகுதியில் மட்டுமே எழுத்து துல்லியமாகத் தெரியும். பக்கத்தின் மற்ற பகுதி மங்கல்தான். கீத் ரேனரும் உடன் ஆய்வாளர்களும் எழுதி 2016-இல் வெளியான மதிப்பாய்வு, வேகம் கூடினால் புரிதல் குறையும் என்பதைத் தெளிவாகக் காட்டியது. வேகம் உண்மையில் கூடுவது சொல்வளமும் விஷய அறிவும் கூடும்போது. அவை இரண்டும் படிக்கப் படிக்க வருபவை.

புத்தகம் வாங்குவதையே வாசிப்பாக நினைத்துவிடுவதும், ஒவ்வொரு பக்கத்துக்கும் குறிப்பெடுத்தே ஆகவேண்டும் என்று உட்காருவதும் இதே வகைதான். முதலாவதற்கு, கையில் இருப்பதில் ஒன்றை முடித்தபின் அடுத்ததை வாங்கினால் சரி. இரண்டாவதற்கு, பிடித்த இடத்தில் பென்சில் கோடு மட்டும் போதும்.

நீண்ட இடைவெளிக்குப் பின் பழைய இடத்திலேயே தொடங்குவது

நோய், வேலை, குடும்பம் என்று ஏதோ ஒன்று வந்து மூன்று மாதம் வாசிப்பு நின்றுபோகும். எல்லோருக்கும் நேர்வதுதான். திரும்ப வரும்போது பாதியில் நின்ற நாவலின் 212-ஆம் பக்கத்தைத் திறந்தால் ஒன்றும் பிடிபடாது, மனம் சோர்ந்துவிடும். முதலில் ஒரே அமர்வில் முடிகிற ஒரு சிறுகதை படியுங்கள். அல்லது முன்பு ஆசையாகப் படித்த ஒரு நூலில் பிடித்த அத்தியாயம் ஒன்று. நாலைந்து நாள் அப்படிப் போகட்டும். அப்புறம் அந்த நாவலை எடுத்து, புக்மார்க் இருக்கும் இடத்திலிருந்து 20 பக்கம் பின்னால் போய்த் தொடங்குங்கள். ஆட்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வரும்.