பிங் ஸ்கிரிப்ட் எழுதுவோம்: சராசரிக்குள் மறையும் தாமதத்தைப் பிடிக்க

பிங் என்பது ஒரு கணினிக்குச் சிறு செய்தி அனுப்பி, பதில் வர ஆகும் நேரத்தை அளப்பது. நூறு பிங்கில் 98 முறை 22 மில்லிசெகண்ட், இரண்டு முறை 400 என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 30-ஐத் தாண்டாது. ஆனால் வீடியோ கால் அந்த இரண்டு இடத்திலும் திக்கும். அதனால் சொந்த ஸ்கிரிப்டின் முதல் வேலை சராசரி போடுவதல்ல, ஒவ்வொரு அளவையும் நேரத்தோடு ஒரு சிஎஸ்வி ஃபைலில் எழுதிவைப்பது.

லினக்ஸும் பைத்தானும் போதும். பிங் செய்தி ஐசிஎம்பி என்ற நெறிமுறையில் போகும். அதை ரா சாக்கெட் (பாக்கெட்டை நேரடியாக அனுப்பும் வழி) மூலம் அனுப்ப ரூட் (நிர்வாகி) அனுமதி வேண்டும். டேட்டாகிராம் வகை ஐசிஎம்பி சாக்கெட் திறந்தால் தேவையில்லை. 'பெர்மிஷன் டினைடு' வந்தால் கெர்னலின் (லினக்ஸின் மையப்பகுதி) பிங் குரூப் ரேஞ்ச் (ping_group_range) அமைப்பைப் பாருங்கள். அதில் '1 0' என்றிருந்தால் யாருக்கும் அனுமதி இல்லை என்று பொருள்; உங்கள் குரூப் எண் அடங்கும்படி மாற்றுங்கள். அனுப்ப வேண்டியது வகை 8, வரும் பதில் வகை 0. டேட்டா 56 பைட் வைத்தால் வழக்கமான பிங்கோடு ஒப்பிடலாம். இந்தச் சாக்கெட்டில் ஐடென்டிஃபையரைக் கெர்னலே மாற்றி எழுதிவிடும், ஆகவே பதிலை சீக்வென்ஸ் எண்ணை வைத்துத்தான் அடையாளம் காண வேண்டும்.

பெரும்பாலும் தவறு நடப்பது நேரக் கணக்கில்தான். சுவர்க் கடிகார நேரத்தை எடுக்காதீர்கள். என்டிபி (இணையம்வழி கடிகாரத்தைச் சரிசெய்யும் முறை) அதைத் திருத்தும்போது தாமதம் மைனஸில்கூட வரும். பைத்தானின் பெர்ஃப் கவுண்டரை (பின்னோக்கிப் போகாத கடிகாரம்) பயன்படுத்துங்கள். பெயரை ஐபி முகவரியாக மாற்றுவதை லூப்புக்கு வெளியே ஒரே ஒருமுறை செய்யுங்கள், இல்லையென்றால் டிஎன்எஸ் நேரமும் சேர்ந்துகொள்ளும். பதில் வந்தபின் ஒரு விநாடி தூங்கவும் கூடாது: லைன் மோசமாகும் நேரத்தில்தான் அளவுகள் குறைந்துபோகும். தொடங்கிய நேரத்தோடு 1, 2, 3 விநாடி என்று கூட்டி, அந்தந்த நேரத்தில் அனுப்புங்கள். காத்திருப்பு 0.9 விநாடி. சீக்வென்ஸ் எண் 42-க்குக் காத்திருக்கையில் 41-இன் பதில் வந்தால் தள்ளிவிட்டு, மீதமுள்ள நேரம் மட்டும் காத்திருங்கள். பதிலே வராவிட்டால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். 0 போட்டால் கணக்கு மொத்தமும் பொய்யாகிவிடும்.

ஏஆர்பி தேடல் (உள்வலையில் அடுத்த சாதனத்தின் வன்பொருள் முகவரியைத் தேடுவது) சேரக்கூடிய முதல் அளவை எறிந்துவிட்டு 600 எடுங்கள், பத்து நிமிடம் ஆகும். ஏறுவரிசையில் அடுக்கினால் 570-ஆவது எண் 95 சதவீத அளவு (நூற்றில் 95 பதில்கள் இதற்குள் வந்தவை), 594-ஆவது 99 சதவீதம். காலிக் கட்டங்கள் இருந்தால் வந்த பதில்களின் எண்ணிக்கைக்கு இதே விகிதம். இழப்பைத் தனியாகச் சொல்லுங்கள்.

ஒரே நேரத்தில் இரண்டு பிராசஸ் ஓட்டுங்கள், ஒன்று வீட்டு ரவுட்டருக்கு, மற்றது தொலைவிலுள்ள சர்வருக்கு. ரவுட்டருக்கே 2-லிருந்து 80-க்குத் தாவினால் வைஃபையைச் சந்தேகியுங்கள், லேன் கேபிள் செருகிப் பாருங்கள். ரவுட்டர் சீராக இருந்து, ஃபைல் அப்லோடு செய்யும்போது மட்டும் தொலைவிலுள்ள சர்வரின் எண் எகிறினால் அப்லோடு வரிசை நிரம்புகிறது; ரவுட்டரில் எஸ்க்யூஎம் (வரிசை நீளாமல் பார்த்துக்கொள்ளும் வசதி) இருந்தால் அப்லோடு வேகத்தைச் சற்றுக் குறைத்து அமையுங்கள். வழியிலுள்ள ஒரு ரவுட்டர் மட்டும் தாமதமாகப் பதில் தந்து, கடைசி சர்வர் சரியாக இருந்தால் அது பழுதல்ல: ரவுட்டர்கள் தங்களுக்கு வரும் பிங்கைக் கடைசி வேலையாகவே பார்க்கும்.

ஃபைபரில் ஒளி விநாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் போகும். சென்னை–சிங்கப்பூர் நேர்க்கோட்டில் ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர், போய்வரக் குறைந்தது 29 மில்லிசெகண்ட். சென்னையிலிருந்து 'சிங்கப்பூர் சர்வர்' 5 காட்டினால், பதில் சொல்வது பக்கத்திலுள்ள வேறொரு கணினி.