பழங்கால கார் இன்ஜின்: பழுதுபார்க்கப் போய்ப் பாழாக்கிவிடும் தவறுகள்

பல ஆண்டுகள் கொட்டகையில் கிடந்த கார் கைக்கு வந்தவுடன், புது பேட்டரி ஒன்றை இணைத்து "ஓடுகிறதா, பார்த்துவிடுவோம்" என்று ஸ்டார்ட்டரை அழுத்தாதவர்கள் அபூர்வம். பழுதுபார்க்க வந்த இன்ஜின் புதிதாகப் பழுதாவது பெரும்பாலும் அந்த நொடியில்தான். நெடுநாள் நின்ற இன்ஜினில் பிஸ்டன் ரிங்குகளைத் துரு சிலிண்டர் சுவரோடு பிடித்து வைத்திருக்கும். கெட்டுப்போன பெட்ரோலின் பிசினில் வால்வுத் தண்டுகள் ஒட்டியிருக்கும். எண்ணெய் முழுவதும் இன்ஜினின் அடித்தொட்டியான சம்ப்புக்குள் வடிந்துவிட்டதால் பேரிங்குகள் வறண்டு கிடக்கும். இந்த நிலையில் ஸ்டார்ட்டரின் முழு விசையும் பாய்ந்தால் ரிங் உடையும், வால்வை இயக்கும் தண்டான புஷ்ராடு வளையும், சிலிண்டரில் ஆழமான கோடு விழும். இவற்றில் சிலவற்றுக்கு மாற்றுப் பாகம் கிடைக்கலாம்; சிலிண்டர்கள் அமைந்த அசல் பிளாக்கிலேயே கோடு விழுந்தால் இன்னொன்றுக்கு எங்கே போவது?

ஸ்பார்க் பிளக்குகள் அனைத்தையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் துரு இளக்கும் எண்ணெயை ஊற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். மணிக்கணக்கில் போதாது, நாள்கணக்கில். பிறகு கிராங்க் ஷாஃப்ட் முனையில் ஸ்பேனரைப் போட்டு, முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாக அசைத்துப் பார்க்கலாம். அசையவில்லை என்றால் மறுபடியும் எண்ணெய், மறுபடியும் காத்திருப்பு. ஸ்பேனரின் பிடியில் நீளமான குழாயைச் செருகி நெம்புகிறவர்கள் உண்டு. அவர்களை இன்ஜின் பக்கமே விடாதீர்கள். சுற்ற ஆரம்பித்த பிறகும், திறந்த வால்வு ஒவ்வொன்றும் திரும்ப மூடுகிறதா என்று கண்ணால் பார்த்த பின்னரே அடுத்த சுற்று.

சுற்றுகிறது என்று தெரிந்ததும் எல்லாவற்றையும் பிரித்துப் போடுவது அடுத்த தவறு. முதலில் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை, அளவெடுங்கள். குறைவாகக் காட்டும் சிலிண்டருக்குள் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மீண்டும் அளந்தால், அளவு ஏறினால் குறை ரிங்கில். ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்விலோ, பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவிலுள்ள ஹெட் கேஸ்கட்டிலோ. மூடாத ஒற்றை வால்வுக்காக நல்ல இன்ஜின் முழுவதையும் பிரித்து, பாதியில் ஆர்வம் வடிந்து, பெட்டி பெட்டியாக விற்கப்பட்ட கார்கள் ஏராளம்.

பிரிக்கத்தான் வேண்டும் என்றால் அடையாளமிடாமல் பிரிக்காதீர்கள். கிராங்க் ஷாஃப்ட்டைத் தாங்கும் மெயின் பேரிங்குகளின் மூடிகளான கேப்புகளைப் பிளாக்கில் பொருத்திய பிறகே துளையைக் கடைந்து எடுத்திருப்பார்கள். ஆகவே ஒன்றின் இடத்தில் இன்னொன்று சேராது. அதே கேப்பைத் திருப்பிப் போட்டாலும் சேராது. பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்ட்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடுகளுக்கும் இதே விதி. வால்வும் அதைத் தூக்கும் டேப்பட்டும்கூடத் தத்தம் இடத்துக்கே திரும்ப வேண்டும்.

மரைகள் தனிக் கதை. பழைய பிரிட்டிஷ் கார்களில் விட்வொர்த் என்ற பிரிட்டிஷ் அளவுமுறை மரை இருக்கும். அதன் கோணம் 55 டிகிரி. அமெரிக்க மரையின் கோணம் 60 டிகிரி. அரை அங்குல விட்வொர்த் போல்ட்டில் அங்குலத்துக்கு 12 மரைகள், அதே தடிமனுள்ள அமெரிக்கப் பருமரை போல்ட்டில் 13. கையால் இரண்டு சுற்று ஏறிவிடும், அதனால் சரியானது என்று தோன்றும். ஸ்பேனர் போட்டு முறுக்கும்போது பிளாக்கின் மரை போய்விடும். பழைய மோரிஸ் இன்ஜின்களில் மெட்ரிக் மரையும் விட்வொர்த் அளவுத் தலையும் சேர்ந்தே வரும் என்பதை நினைத்தால், மரை அளவுகோல் ஒன்றை வாங்கி வைப்பது எவ்வளவு மலிவான காப்பு என்று புரியும்.

கழுவுவதில் என்ன ஆபத்து என்று கேட்பார்கள். வார்ப்பிரும்பு பிளாக்கைச் சுத்தம் செய்யும் காஸ்டிக் சோடாக் கரைசல், அலுமினிய பிஸ்டனையும் டைமிங் கவரையும் அரித்துக் கரைத்துவிடும். துத்தநாகக் கலவையில் வார்த்த கார்புரேட்டரும் தப்பாது. கண்ணாடி மணிகளைப் பீய்ச்சி மெருகேற்றுவது இன்னும் மோசம். பாகம் பளபளக்கும், ஆனால் எண்ணெய்த் துளைகளில் ஒளிந்த மணிகள் இன்ஜின் ஓடும்போது வெளியே வந்து பேரிங்கை அறுக்கும். எண்ணெய்ப் பாதைகளின் அடைப்பான்களைக் கழற்றி, தூரிகை விட்டுத் தேய்த்துக் கழுவாத பிளாக்கைச் சுத்தமானது என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பழைய கேஸ்கட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்பதால் அவற்றை உலர்ந்த நிலையில் சுரண்டக் கூடாது, நனைத்து எடுங்கள்.

ரிங் மட்டும் மாற்றுகிறவர்கள் சிலிண்டரின் மேல் விளிம்பை விரலால் தடவிப் பார்ப்பதில்லை. அங்கே தேயாமல் நிற்கும் படி ஒன்று இருக்கும். பழைய ரிங்கின் மேல்முனை அந்தப் படிக்கு ஏற்ப உருண்டு தேய்ந்திருக்கும். கூர்முனையோடு வரும் புது ரிங் அதில் மோதி உடையும். படியை முதலில் நீக்க வேண்டும்.

ஃபோர்டு மாடல் டி, மாடல் ஏ போன்ற கார்களில் பேரிங் என்பது கழற்றி மாட்டும் தகடு இல்லை. வெள்ளீயம், அந்திமனி, செம்பு கலந்த பாபிட் உலோகத்தை உருக்கி ஊற்றியே அமைத்திருப்பார்கள். கேப்புக்கு அடியில் ஷிம் எனும் மெல்லிய தகடுகள் இருந்தால், தேய்மானத்தைச் சரிக்கட்ட அவற்றில் சிலவற்றை எடுத்தாலே போதும். கேப்பை அரம் போட்டுத் தேய்த்தால் துளையின் வட்டம் போய்விடும், அதை மீட்கப் பெரிய பட்டறை வேலை தேவைப்படும்.

ஈயமில்லாப் பெட்ரோல், வால்வு மூடி அமரும் இருக்கைகளைத் தின்றுவிடும் என்ற பயம் பழைய கார்க்காரர்களிடம் அளவுக்கு மீறி இருக்கிறது. பெட்ரோலில் ஈயச் சேர்மத்தைக் கலந்து விற்கத் தொடங்கியதே 1923இல்தான். அதற்கு முந்தைய கார்கள் அது இல்லாமலேதான் ஓடின. முன்னெச்சரிக்கையாகக் கடின இருக்கைகளைப் பதிக்கப் போய், துருவால் மெலிந்த பிளாக்கில், இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் அறை வரை துளைத்துவிடுகிறார்கள். வால்வு இடைவெளி அடிக்கடி குறைந்துகொண்டே வந்தால் மட்டும் அந்த வேலையை யோசியுங்கள். உண்மையில் கவலைப்பட வேண்டியது எத்தனால் பற்றி. பழைய ரப்பர் குழாய்களை அது ஊறவைத்துச் சிதைக்கும். கார்க் மிதவை மேல் பூசிய அரக்கைக் கரைத்துவிடும்.

சூடேறும் இன்ஜினுக்கு உடனே ஹெட் கேஸ்கட்டைக் குறை சொல்லாதீர்கள். தண்ணீர் அறையின் பின்கோடியில் துருச் சேறு கெட்டியாகப் படிந்திருக்கும். அழுத்தமே இல்லாமல் இயங்க வடிவமைத்த ரேடியேட்டருக்குப் பிரஷர் மூடி போடுவது அதன் பற்றவைப்புகளைப் பிளக்கும் வழி.

பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் உடலோடு இணைந்திருக்கும். இணைக்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹெட்டைப் பூட்டுமுன் போல்ட் துளைகளில் தேங்கிய எண்ணெயையும் தண்ணீரையும் ஊதி வெளியேற்ற வேண்டும். அடிமூடிய துளைக்குள் திரவம் இருக்கும்போது போல்ட்டை இறுக்கினால் அந்த அழுத்தமே பிளாக்கைப் பிளந்துவிடும். நடுவிலிருந்து தொடங்கி வெளிப்பக்கமாக, பல கட்டங்களில் இறுக்குவது முறை.

புதுப்பித்த இன்ஜினை முதன்முறை இயக்கும்போது, பிளக்குகள் இல்லாமல் சுற்றவிட்டு, எண்ணெய் அழுத்தமானி ஏறியதைக் கண்ட பிறகே பற்றவையுங்கள். வால்வுகளை இயக்கும் கேம் புதிதாகவும், அதோடு தட்டையான டேப்பட்டும் போட்டிருந்தால் ஐட்லிங்கில் விடக் கூடாது: துத்தநாகச் சேர்மம் போதிய அளவுள்ள எண்ணெயோடு, நிமிடத்துக்குச் சுமார் 2000 சுழற்சி வேகத்தில் இருபது நிமிடம் ஓட்ட வேண்டும். அந்த எண்ணெயை உடனே வடித்துவிட்டு, அதில் மின்னும் துகள்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். கைநூல் சொல்லும் நிலையில், சூடாகவோ ஆறிய பிறகோ, ஹெட் போல்ட்டுகளை மறுபடி இறுக்கிவிட்டு வால்வு இடைவெளியையும் இன்னொரு முறை அளந்துகொள்ளுங்கள்.