முசுறு எறும்பு கடிச்ச அன்னிக்குத்தான் எனக்கு உறைச்சுது: சின்னப் பிள்ளைங்களோட ஜெர்மனி போறவங்க பண்ற தப்புங்க

போன வாரம் பர்கூர்ல இருந்து ஒரு தம்பி, அவர் சம்சாரம், நாலு வயசு பொண்ணு மூணு பேரும் எங்க வீட்டுக்கு வந்திருந்தாங்க. தம்பிக்கு ஓசூர் கம்பெனி மூலமா ஸ்டுட்கார்ட் பக்கம் போஸ்டிங், ரெண்டு மாசத்துல ஃப்ளைட். நாங்க அங்க ஏழு வருஷம் இருந்துட்டு 2023ல கிருஷ்ணகிரிக்கே திரும்பினவங்கன்னு யாரோ சொல்லியிருக்காங்க, என்னென்ன எடுத்துட்டு போகணும்னு கேக்க வந்தாங்க. குக்கர் எடுத்துட்டு போலாமா, புளி எத்தனை கிலோ, கேழ்வரகு மாவு அங்க கிடைக்குமான்னு எல்லாம் நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு. நடுவுல அந்தப் பொண்ணு "அம்மா தண்ணி"ன்னுச்சு. உடனே அவங்கம்மா, "நோ தமிழ், சே வாட்டர், இனிமே நமக்கு இங்கிலீஷும் ஜெர்மனும்தான், சரியா"ன்னாங்க.

எனக்கு சுர்ருன்னு ஏறிடுச்சு. அந்தப் பொண்ணோட அம்மா மேல கோவம் இல்லங்க, 2016ல இதே டயலாக்கை பேசின என் மேலதான். காபி கொடுத்து அனுப்பிட்டு உக்காந்து இதை எழுதறேன். பாஸ்போர்ட் தேதி பாருங்க, ஸ்வெட்டர் வாங்குங்க மாதிரி விஷயமெல்லாம் இதுல இருக்காது, அது உங்களுக்கே தெரியும்.

இங்கிலீஷ் மீடியம் கை கொடுக்கும்னு நம்பறது

கொடுக்காது. உங்களுக்கு ஆபீஸ்ல இங்கிலீஷ் ஓடும், பிள்ளைக்கு மணல் தொட்டியில ஓடாது. அங்க கிட்டான்னு சொல்ற பாலர் பள்ளியில மூணு வயசுல இருந்து ஆறு வயசு வரைக்கும் எல்லாம் ஒண்ணா விளையாடும், அதுங்களுக்கு தெரிஞ்சது ஜெர்மன், அதுவும் ஸ்டுட்கார்ட் பக்கம்னா ஷ்வேபிஷ் கலந்த ஜெர்மன், எதை எடுத்தாலும் கடைசியில ஒரு "லே" சேர்த்து ஹாய்ஸ்லே, மோய்ஸ்லேன்னு. எல்கேஜில ரைம்ஸ் ஒப்பிச்சு கப் வாங்கின என் பொண்ணு அங்க முதல் நாள் எல்லா ரைம்ஸும் பாடி காட்டிட்டு, யாரும் கண்டுக்கலைன்னதும் ஷூ ரேக் கீழ போய் உக்காந்துக்கிச்சு.

அதுக்கு பதிலா ஊர்ல இருக்கும்போதே அஞ்சாறு வார்த்தை மனப்பாடம் பண்ண வைங்க. "இஷ் முஸ் அவ்ஃப்ஸ் க்ளோ" (பாத்ரூம் போகணும்), டுர்ஸ்ட் (தாகம்), ஹில்ஃபே (உதவி), யா (ஆமா), நைன் (வேணாம்). கடைசி ரெண்டும் ரொம்ப முக்கியம். நம்ம பிள்ளைங்க தலையை அப்படியும் இப்படியும் ஆட்டும் பாருங்க, நமக்கு அது சரின்னு அர்த்தம், அங்க இருக்கற டீச்சருக்கு அது ஆமாவா இல்லையான்னே புரியாது. என் பொண்ணு ரெண்டு வாரம் பால் வேணும்னு தலையாட்டி பால் கிடைக்காமலே வந்திருக்கு.

மூணு நாள் லீவு போட்டா செட் ஆயிடும்னு நினைக்கறது

ஆகாது. ஐன்கெவோனுங்னு ஒரு முறை வச்சிருக்காங்க, அம்மாவோ அப்பாவோ பிள்ளையோட கிட்டாவுல உக்காந்து, முதல்ல பத்து நிமிஷம், அப்புறம் அரை மணி நேரம்னு கொஞ்சம் கொஞ்சமா வெளிய வரணும். ரெண்டு வாரமும் ஆகும், ஆறு வாரமும் ஆகும். ரெண்டு பேரும் வேலைன்னா இதை முன்னாடியே மேனேஜர்கிட்ட பேசிடுங்க. கிட்டாவுல இடம் கிடைக்கவே மாசக்கணக்குல ஆகும்ங்கறது தனிக்கதை.

பேசலைன்னு பதறறது

புது மொழிக்குள்ள போட்ட பிள்ளை சில வாரம், சில நேரம் சில மாசம்கூட வாயே திறக்காது. காதால சேத்து வச்சுக்குது, அவ்ளோதான். என் பொண்ணு நாலு மாசம் பேசலை. அஞ்சாவது மாசம் ஒரு பையன் சைக்கிளை பிடுங்கினப்போ ஒரு முழு வாக்கியம் வந்துச்சாம், டீச்சர் எனக்கு ஃபோன் பண்ணி சந்தோஷமா சொன்னாங்க, திட்டுதான் ஆனா இலக்கணம் சரியா இருந்துச்சுன்னு. வீட்ல தமிழ்லயும் பேச்சு குறைஞ்சுபோச்சு, கூப்பிட்டா திரும்பலைன்னா மட்டும் டாக்டர்கிட்ட காட்டி காது டெஸ்ட் பண்ணிடுங்க, அதுல தள்ளிப்போடாதீங்க.

வீட்ல தமிழை நிறுத்தறது

இதைத்தான் நான் நிறைய பேசப்போறேன், பொறுத்துக்கோங்க.

அந்த நாலு மாசம் பேசாம இருந்துச்சுன்னு சொன்னேன்ல, அப்போ அங்க பழக்கமான ஒரு அக்கா, நம்ம நாட்டுக்காரங்கதான், "வீட்ல நீ தமிழ் பேசறதாலதான் குழம்பறா, ஆறு மாசம் வீட்லயும் ஜெர்மனே பேசு, பாரு எப்படி வருதுன்னு"ன்னாங்க. நானும் பேசினேன். என் ஜெர்மன் அப்போ ஏ2ங்கற ரெண்டாவது படி கிளாஸ்ல பாதி தாண்டாத ஜெர்மன். சாப்பிடு, தூங்கு, ஷூ போடு, வா, போ, நல்லா இருக்கா. இதை வச்சுக்கிட்டு அஞ்சு வயசு பிள்ளையை வளர்க்க ஆரம்பிச்சேன், யோசிச்சு பாருங்க. தமிழ்ல இருந்த வரைக்கும் நான் அவகிட்ட ராயக்கோட்டை தக்காளி மண்டியில இருந்து கேஆர்பி டேம்ல எங்கப்பா மீன் வறுவல் வாங்கிக் கொடுத்தது வரைக்கும் கதை கதையா பேசிட்டே தலை வாருவேன். ஜெர்மனுக்கு மாறின அன்னில இருந்து ஹாஸ்டல் வார்டன் மாதிரி ஆயிட்டேன். உத்தரவு மட்டும்தான் வரும், கதை வராது.

அதுலயும் தப்பு தப்பா. ஜெர்மன்ல சாப்பாட்டு மேஜையில இருக்கற ஸ்பூன் ஆம்பள, ஃபோர்க் பொம்பள, கத்தி ரெண்டும் இல்ல. டெர், டீ, டாஸ்னு மூணு. நான் எல்லாத்துக்கும் டாஸ் போட்டு ஓட்டுவேன். ஆறு வயசுல என் பொண்ணு, நான் கோவமா திட்டிட்டு இருக்கும்போதே நடுவுல நிறுத்தி "டெர் லோஃபல், மம்மா"ன்னு திருத்தும். திட்டற அம்மாவை பிள்ளை திருத்தினா அப்புறம் அந்த திட்டுக்கு என்ன மரியாதை இருக்கு சொல்லுங்க. சின்னவன் அப்போ ரெண்டு வயசு, அவன் என் டாஸ் எல்லாத்தையும் அப்படியே பிடிச்சுக்கிட்டான். கிட்டா போனப்புறம்தான் அது ஒவ்வொண்ணா மாறுச்சு.

2018 மே கடைசில பெந்தெகொஸ்தே லீவு ரெண்டு வாரம். நம்ம ஊர்ல மாங்கா சீசன். காவேரிப்பட்டணம் பக்கம் எங்கம்மா வீட்டு தோப்புக்கு கூட்டிட்டு போனேன். பெருசுக்கு ஏழு வயசு. எங்கம்மா, அதாவது பிள்ளைங்களோட ஆயா, "அந்தக் கிளையை தொடாத சாமி, முசுறு கூடு கட்டியிருக்கு"ன்னு மூணு தடவை சொல்லியிருக்காங்க. இது திரும்பிப் பார்த்து அழகா சிரிச்சுட்டு, இலையெல்லாம் சுருட்டி ஒட்டி வச்ச மாதிரி இருக்கே என்னதுன்னு அந்தக் கூட்டையே பிடிச்சு இழுத்துடுச்சு. கழுத்து, காது, சட்டைக்குள்ள எல்லாம் முசுறு. கத்தினது பூரா ஜெர்மன்ல. எங்க கடிக்குதுன்னு ஆயாவுக்கு புரியலை, சட்டையை கழட்டுன்னு ஆயா சொன்னது பிள்ளைக்கு புரியலை. நான் பம்பு செட்டுகிட்ட துணி அலசிட்டிருந்தேன், ஓடி வந்து சட்டையை கிழிச்சு எறிஞ்சேன். எங்கம்மா நின்ன இடத்துலயே "நான் சொன்னேனே, சொன்னேனே"ன்னுட்டே இருந்தாங்க.

ராத்திரி எல்லாம் தூங்கினப்புறம் எங்கிட்ட மெதுவா கேட்டாங்க: "ஏம்மா, இதுக்கு காது கேக்குதுதானே?"

அந்தக் கேள்வி இன்னிக்கு வரைக்கும் எனக்கு இறங்கலை.

இதுல கடுப்பு என்னன்னா நாம எந்த ஊர்க்காரங்க? ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் போய் பாருங்க, வீட்ல தெலுங்கு, தெருவுல கன்னடம், ஸ்கூல்ல தமிழ்னு சின்னப் பிள்ளைங்க மூணையும் போட்டு புரட்டும், கடைக்காரர் முகத்தைப் பார்த்தே மொழியை மாத்திடும். யாராவது அதுங்களுக்கு குழப்பம்னு டாக்டர்கிட்ட கூட்டிட்டு போனாங்களா? என் வீட்டுக்காரரே வீட்ல தெலுங்கு பேசி வளந்தவர்தான். அதெல்லாம் பார்த்துட்டே வளந்துட்டு ஃப்ளைட் ஏறினதும் பிள்ளை தலையில ஒரு மொழிக்குத்தான் இடம் இருக்குன்னு நம்பிட்டோம் பாருங்க.

அப்புறம்தான் தேடிப் படிச்சேன். லிலி வாங் ஃபில்மோர்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர், 1991லயே ஆயிரத்துக்கும் மேல குடியேறின குடும்பங்கள்ல விசாரிச்சு இதைத்தான் எழுதியிருக்காங்க. ஸ்கூல் வயசுக்கு முன்னாடியே, வீட்டு மொழி இன்னும் உறுதியாகாத நேரத்துல புது மொழிக்குள்ள போற பிள்ளைங்கதான் பழசை சீக்கிரம் விடுதுங்க, அப்புறம் அப்பா அம்மாகிட்ட பேச விஷயம் இருக்கும், பேச பொதுவா ஒரு மொழி இருக்காது. ஜெர்மனை ஊரே சொல்லிக் கொடுக்கும், டீச்சர், பக்கத்து வீட்டு பையன், டிவி, பஸ் டிரைவர் எல்லாரும். தமிழுக்கு அங்க உங்களை விட்டா நாதி கிடையாது.

சரி பண்ண முடியுமான்னா முடியும், ஆனா புடுங்கி எடுக்கும். திரும்பி போன முதல் வாரம் நான் தமிழ்ல பேசினா பொண்ணு காதை பொத்திக்கும். அதட்டி ஒண்ணும் நடக்கலை. அங்க விம்மல்புக்னு பெரிய பெரிய அட்டைப் புத்தகம் இருக்கு, பக்கம் பூரா ஆளு, நாய், கடை, லாரின்னு படமா நெரிசலா இருக்கும், எழுத்தே இருக்காது. லைப்ரரில இருந்து அதை தூக்கிட்டு வந்து தூங்கப்போறப்போ மட்டும் தமிழ்ல கதை கட்டினேன், இந்தா இந்த குண்டு மாமா நம்ம சந்தையில மாடு வாங்க வந்திருக்கார்னு. எழுத்து இல்லாததால எந்த மொழின்னு சண்டையே வரலை. எட்டு மாசம் கழிச்சு ஒரு நாள் தானா வந்துச்சு: "அம்மா, தம்பி என் பென்சில் எடுத்துட்டான்." கோள் மூட்டினதுக்கு நான் அழுதது அன்னிக்குத்தான்.

பேச்சு வந்துச்சு, எழுத்து வரலை, நானும் அதுல மெனக்கெடலை. எங்க திரும்பப்போறோம்னு ஒரு திமிர். 2023ல திரும்பினோம். தமிழ்நாட்டுல 2006 சட்டப்படி தமிழ் கட்டாயப் பாடம். ஏழாங்கிளாஸ் பொண்ணு, நாலு அடி பத்து இன்ச், சாயங்காலம் ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைங்க நடுவுல டியூஷன்ல உக்காந்து ல, ள, ழ எழுதிட்டு வந்துச்சு. எங்கிட்ட அது ஒரு வார்த்தை கேக்கலை. கேட்டிருந்தா பரவாயில்லை.

சரளமா பேசுது, இனி கவலை இல்லைன்னு விடறது

விளையாட்டு பேச்சு வேற, பாடப் புத்தக மொழி வேற. கனடாவுல ஜிம் கம்மின்ஸ்னு ஒருத்தர் இதை பிரிச்சு காட்டியிருக்கார், முதல்ல சொன்னது ரெண்டு வருஷத்துல வந்துடும், ரெண்டாவதுக்கு அஞ்சுல இருந்து ஏழு வருஷம் ஆகும்னு. என் பொண்ணு ரெண்டாங்கிளாஸ்ல ஷ்வேபிஷ் பொரிஞ்சு தள்ளுது, ஆனா கணக்குல "எவ்வளவு அதிகம்"னு வாக்கியமா கேட்டா முழிக்குது. நான் கணக்கு வரலைன்னு நினைச்சு வாய்ப்பாடு ஒப்பிக்க வச்சேன், வாய்ப்பாடு தண்ணியா வருது. கேள்விதான் புரியலை. இதை ஏன் சொல்றேன்னா அங்க நாலாங்கிளாஸ் முடியும்போதே ஜிம்னாசியமா (காலேஜ் படிப்புக்கு கொண்டு போற ஸ்கூல்) வேற ஸ்கூலான்னு பிரிச்சுடுவாங்க, பிள்ளைக்கு பத்து வயசு இருக்கும். எட்டு வயசு பிள்ளையோட போறவங்களுக்கு கையில ரெண்டே வருஷம். கிளாஸ் டீச்சரை முதல் மாசமே பாருங்க, புதுசா வந்த பிள்ளைங்களுக்கு தனியா மொழி வகுப்பு இருக்கான்னு கேளுங்க.

பிள்ளையை மொழிபெயர்க்க விடறது

கூடாது. டாக்டர் சொல்றதை ஒன்பது வயசு பிள்ளை வாய் வழியா கேக்கற நிலைமை உங்களுக்கும் கேவலம், பிள்ளைக்கும் பயம். நீங்களும் கிளாஸுக்கு போங்க.

மொழி கத்துக்க டேப்லட்ல ஆப் போட்டு கொடுக்கறது

பார்க்குக்கு கூட்டிட்டு போங்க.

டிக்கெட் சீப்பா இருக்குன்னு ஸ்கூல் நாள்ல ஊருக்கு கிளம்பறது

அபராதம் போடுவாங்க. வீட்லயே வச்சு படிக்க வைக்கறேன்னும் சொல்ல முடியாது, அங்க அதுக்கு அனுமதி இல்லை.

தடுப்பூசி அட்டையை பீரோவுலயே விட்டுட்டு போறது

2020 மார்ச்ல இருந்து தட்டம்மை ஊசிக்கு ஆதாரம் காட்டாம கிட்டாவுல சேர்க்க மாட்டாங்க, ரெண்டு வயசுக்கு மேலன்னா ரெண்டு டோஸ்.

லக்கேஜ்ல எல்லாத்தையும் சாப்பாடா ரொப்பறது

புளியும் பருப்பும் அங்க இந்தியன் கடையில கிடைக்கும். ஆயா தாத்தா குரல் கிடைக்காது. அங்க டோனிபாக்ஸ்னு பிள்ளைங்களுக்கு ஒரு கதை கேக்கற பெட்டி இருக்கு, மேல பொம்மையை வச்சா கதை சொல்லும். நாமளே ரெக்கார்ட் பண்ணிக்கற பொம்மையும் விக்கறாங்க, 90 நிமிஷம் கொள்ளும். அந்த முசுறு சம்பவத்துக்கு அடுத்த தடவை ஊருக்கு வந்தப்போ எங்கம்மாவை உக்கார வச்சு, ஏதாவது கதை சொல்லும்மான்னு ஃபோன்ல பதிவு பண்ணினேன். நரி கதையில ஆரம்பிச்சாங்க, பாதியில மாடு கயித்தை அறுத்துட்டு பக்கத்து கொல்லைக்குள்ள பூந்துடுச்சு, ஃபோனை கையில வச்சுக்கிட்டே எழுந்து போய் அந்த மாட்டை வண்டி வண்டியா திட்டியிருக்காங்க. வெட்டாம அப்படியே ஏத்தினேன். சின்னவனுக்கு நரி யாருன்னு இன்னிக்கும் தெரியாது, அந்த திட்டு மட்டும் முழுசா மனப்பாடம். பர்கூர் தம்பி நாளைக்கு மறுபடி வர்றாராம், அவர் ஃபோன்ல எவ்வளவு இடம் காலியா இருக்குன்னு முதல்ல கேக்கணும்.