பட்டாசா, வெடியா, வாணமா? வினையைக் கேட்டால் சொல்லிவிடும்

தீபாவளிக்கு முன் சென்னைத் தீவுத்திடல் பட்டாசுக் கடைகளுக்குப் போய்வந்த பை வீட்டில் இருக்கிறதா? அதைக் கூடத்தில் கொட்டுங்கள். சொல் ஆராய்ச்சியை அங்கிருந்தே தொடங்கலாம்.

முதலில், மொத்தத்துக்கும் பெயர் என்ன? பட்டாசு. சத்தமே வராத கம்பி மத்தாப்பும் இதில் அடக்கம். வெடி அப்படியில்லை, சத்தத்தோடு வெடிப்பது மட்டும்தான். "வெடியெல்லாம் வேணாம்பா, மத்தாப்பு மட்டும் வாங்கு" என்று பாட்டி சொல்வது இந்த வித்தியாசத்தை வைத்துத்தான்.

அடுத்து, ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, அதோடு சேரும் வினையை வாய்விட்டுச் சொல்லுங்கள். மத்தாப்பு கொளுத்துகிறோம். லட்சுமி வெடி போடுகிறோம். புஸ்வாணம் வைக்கிறோம். ராக்கெட் விடுகிறோம். 'மத்தாப்பு வெடித்தேன்' என்று சொல்லிப் பாருங்கள், பக்கத்தில் இருக்கும் வாண்டுகூடச் சிரிக்கும். (நிஜமாகவே வெடித்திருந்தால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகலாம்.)

இப்போது அந்த வினையைப் பிடித்துக்கொண்டே வேருக்குப் போவோம். ராக்கெட்டும் ஒரு வாணம்தான். வாணத்தை ஏன் 'விடுகிறோம்'? வடமொழியில் பாணம் என்றால் அம்பு. வில்லிலிருந்து விடுவதுபோல வானத்தில் விடுகிறோம். கோயில் திருவிழாவின் வாணவேடிக்கையில் இருப்பதும் இதே வாணம்தான். புஸ்வாணத்தில் அம்பு எங்கேயும் போவதில்லை, இருந்த இடத்திலேயே 'புஸ்'. அதனால்தான் போட்ட திட்டம் ஒன்றுமில்லாமல் போனால் 'புஸ்வாணமாகிப் போச்சு' என்கிறோம்.

மத்தாப்பு எனக்கு ரொம்பப் பிடித்த சொல். பாரசீகத்தில் மஹ்தாப் என்றால் நிலவொளி. உருது வழியாக வந்து, நம் வாயில் மத்தாப்பு ஆனது. ஒளிக்கு வைத்த பெயர், ஆகவே கொளுத்துகிறோம்.

வெடி நம்ம ஊர்ச் சொல். பருத்திக்காய் வெடிக்கும், குதிகால் வெடிக்கும், மழை பொய்த்தால் ஏரி வெடிக்கும். மருந்தே தேவையில்லை. பட்டாசு என்ற சொல்லோ, சத்தத்தில் பிறந்த கூட்டத்தைச் சேர்ந்தது. இந்தியில் படாக்கா, கன்னடத்தில் பட்டாகி, மலையாளத்தில் படக்கம் என்று சொந்தக்காரர்கள் சுற்றி இருக்கிறார்கள்.

சரி, பேச்சில் பழகுங்கள். மடமடவென்று பேசுகிறவர் சரவெடி. எடுபடாத ஜோக் நமுத்துப்போன பட்டாசு. நிஜச் சரவெடிக்கு 2018இல் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. பேசுகிற சரவெடிக்கு இன்னும் யாரும் தடை வாங்கவில்லை.